பிள்ளையில்லாதவருக்கு வந்த குறுஞ்செய்தி

உலகத்தில் இதுவரை கண்டுபிடிக்கப்பட்ட நோய்களிலேயே கொடியது தாய்மாரின் மறதி. தட்டம்மையும் கக்குவானும் அதன் எடுபிடிகள். இந்த உண்மையைக் கண்டறிந்து, ஊசியால் முடியாததைக் கைப்பேசியால் முடித்துக்காட்டியது எங்கள் நினைவூட்டல் பிரிவு. அதன் துணை இயக்குநர் என்ற முறையில் மிகுந்த தன்னடக்கத்தோடு இதைச் சொல்கிறேன்.

தடுப்பூசி போட்டுக்கொள்ளும் பிள்ளைகள் குறைந்துகொண்டே போனபோது, செவிலியர் போதவில்லை என்றார்கள் சிலர். சுகாதார நிலையம் தூரம் என்றார்கள் வேறு சிலர். எங்கள் இயக்குநர் அவர்களை அனுதாபத்தோடு பார்த்தார். "செவிலியர்னா லீவு கேப்பாங்க. மெசேஜ் லீவு கேக்குமா?" என்றார். கூட்டம் மேசையைத் தட்டி ஆமோதித்தது.

செய்தியின் வாசகத்தை முடிவுசெய்யவே பல கூட்டங்கள் தேவைப்பட்டன. 'அன்புள்ள பெற்றோரே' என்பதா, 'பொறுப்பற்ற பெற்றோரே' என்பதா என்று காரசாரமான விவாதம். கடைசியில் 'அன்புள்ள' வென்றது. பொறுப்பின்மை உள்ளுக்குள் தொனித்தால் போதும் என்று சமரசம் ஏற்பட்டது. "அன்புள்ள பெற்றோரே, உங்கள் பிள்ளைக்குத் தட்டம்மை ஊசி போட மறந்துவிட்டீர்கள். உடனே வாருங்கள்." கீழே இயக்குநரின் பெயரும் அவருடைய பட்டங்களும். எந்தக் கிழமை வருவது என்று சொல்ல இடம் போதவில்லை. பட்டங்களைக் கொஞ்சம் குறைக்கலாமே என்றார் ஓர் எழுத்தர். அவர் இப்போது வேறு பிரிவில் இருக்கிறார்.

பலன் உடனே தெரிந்தது. ஒரு தையல்காரர் நேராக எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். ஐம்பதைத் தாண்டியவர். கழுத்தில் அளவுநாடாவை மாட்டியபடியே வந்திருந்தார்.

"சார், தினமும் மெசேஜ் வருது. எனக்குப் பிள்ளையே இல்லீங்க."

"மெசேஜ் வந்திருக்குல்ல?"

"வந்திருக்கு."

"அப்ப பிள்ளையும் இருக்கும். நிதானமா யோசிச்சுப் பாருங்க."

"எனக்குக் கல்யாணமே ஆகலை சார்."

"அது உங்க சொந்த விஷயம். இந்தப் பிரிவு அதுல தலையிடாது."

தன் எண்ணை நீக்கச் சொன்னார். பொறுமையாக விதியை விளக்கினேன். ஊசி போட்டதும் எண் தானாக நீங்கிவிடும். அதற்கு முன்னால் நீக்கிவிட்டால் அந்தப் பிள்ளையின் கதி என்ன? மனிதாபிமானம் என்று ஒன்று வேண்டாமா?

"எந்தப் பிள்ளை சார்?"

"அதை வெளியில சொல்லக் கூடாதுங்க. அந்தரங்கம்."

தலையைச் சொறிந்துகொண்டே போனார். அதன்பின் நடந்ததெல்லாம் அவர் வாயால் பிற்பாடு நாங்கள் கேட்டது.

அவருடைய எண் புதிதாக வாங்கியது. அதற்கு ஒரு பெண் அடிக்கடி கூப்பிட்டு, "தங்கச்சி இருக்காளா?" என்று கேட்பாளாம். தப்பான நம்பர் என்று இவர் வைத்துவிடுவாராம். இந்த முறை வைக்கவில்லை.

"ஏம்மா, உங்க தங்கச்சிக்குக் கைக்குழந்தை இருக்கா?"

"நீங்க யாரு அதைக் கேக்க?"

"அரசாங்கக் கணக்குல அந்தப் பிள்ளைக்கு நான்தாம்மா அப்பன்."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. இவரே திரும்பக் கூப்பிட்டு, படாத பாடுபட்டு விளக்கினார். தங்கச்சி ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண்ணைத்தான் கம்பெனி இவர் தலையில் கட்டியிருக்கிறது. பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் இருந்த இஸ்திரிக் கடையில் அவளைக் கண்டுபிடித்தார். சட்டைகளுக்கு நடுவில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

"ஊசி போட மறந்துட்டியாம்மா?"

"யாருண்ணே சொன்னது? வேலையை விட்டுட்டு ரெண்டு தடவை போனேன். ஒரு பிள்ளைக்காகப் பாட்டிலை உடைக்க முடியாது, பத்துப் பிள்ளை சேர்ந்தா வான்னு சிஸ்டர் அனுப்பிட்டாங்க. பத்துக்கு நான் எங்க போவேன்? பெத்தது ஒண்ணுதானே?"

செவிலியர்மேல் குற்றமில்லை. ஒரு பாட்டிலில் பத்துப் பிள்ளைக்கான மருந்து; உடைத்தால் சில மணி நேரத்தில் தீர்த்துவிட வேண்டும். மிச்சத்தைக் கொட்டினால் 'மருந்து வீணடிப்பு' என்று விளக்கம் கேட்பார்கள். கேட்பவர்கள் எங்கள் கட்டடத்தின் மாடியில் இருக்கிறார்கள். வீணடிப்புத் தடுப்புப் பிரிவு. அவர்களும் விருது வாங்கியவர்கள்தாம்.

தையல்காரர் கடையைப் பூட்டிவிட்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். தம்மிடம் துணி தைத்தவர்களின் கதவையெல்லாம் தட்டினார்.

"பிள்ளையில்லாத மனுஷன், உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?" என்றாள் ஒரு தாய்.

"என் போன் வாயை மூடணும்மா."

ஒன்பது பிள்ளைகள் சேர்ந்தார்கள். பத்தாவதை அழைத்துவரப் போனபோது இஸ்திரிப் பெட்டி ஆறிக் கிடந்தது. பிள்ளையை மருத்துவமனையில் சேர்த்திருப்பதாகப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். அங்கே ஓடினார். முகமெல்லாம் சிவந்த தடிப்பு. கண் திறக்கவில்லை. தட்டம்மை.

கூட்டி வைத்திருந்தவர்களோடு சுகாதார நிலையத்துக்குப் போனார். செவிலியர் எண்ணிப் பார்த்தார்.

"ஒண்ணு குறையுதே?"

"அது அம்மை வார்டுல கிடக்குது சிஸ்டர்."

செவிலியர் பாட்டிலை உடைத்தார்.

அந்த ஒன்பது ஊசிகளும் எங்கள் கணக்கில் வந்து சேர்ந்தன. 'பிள்ளையில்லாதவரையும் தட்டியெழுப்பிய குறுஞ்செய்தி' என்று இயக்குநர் ஒரு மாநாட்டில் உரையாற்றினார். எழுந்து நின்று கைதட்டினார்கள். வெற்றியைப் படமெடுத்து மாட்டுவதற்காக, வார்டிலிருந்து திரும்பிவிட்ட அந்தத் தாயையும் தையல்காரரையும் அலுவலகத்துக்கு வரவழைத்தோம்.

அவள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இயக்குநரின் மேசையோரம் உட்கார்ந்தாள். இயக்குநர் டீ சொல்ல மணியை ஓங்கி அடித்தார். நானே துள்ளிவிட்டேன். மணிக்கு ஒரு சாண் தள்ளியிருந்த பிள்ளை திரும்பவில்லை. இன்னொரு முறை அடித்தார். அது தன் பாட்டுக்குத் தாயின் வளையலைத் திருகிக்கொண்டிருந்தது.

"எந்தச் சத்தத்துக்கும் திரும்ப மாட்டேங்குது சார்," என்றார் தையல்காரர். "காய்ச்சல் விட்டதிலேர்ந்து."

இயக்குநர் இளகிய மனசுக்காரர். குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ஏம்மா, உனக்கு மெசேஜ் வரலையா?"

"மெசேஜ் வரலை சார்," என்றாள். "நான் வந்தேன்."

கேமராக்காரர் கேமராவை இறக்கினார். இயக்குநர் என்னைப் பார்த்தார். நான் வாசகம் எழுதுகிறவன். மறந்த தாய்மாருக்கு அனுப்ப எங்களிடம் வாசகங்கள் குவிந்து கிடக்கின்றன. மறக்காமல் வந்தவளைத் திருப்பி அனுப்பவைத்தவர்களுக்கு இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை. இத்தனைக்கும் இதே கட்டடத்தில் இருக்கும் அவர்களுடைய எண்கள் மட்டும்தான் எங்களிடம் பிழையில்லாமல் இருக்கின்றன.