கோப்புக்கும் கண்டம் உண்டு

குடிவரவு விவகாரம் கவனிக்கும் லண்டன் அலுவலகம் ஒன்றின் மேலதிகாரி, 1996-ல் பொதுமக்கள் நலன் கருதிக் கசக்ஸ்தான் போய்வந்தார். போனவர் வெறுங்கையோடு வரவில்லை. தலையில் ஒரு குல்லாவும் கக்கத்தில் ஒரு மிருக நாட்காட்டியும் கொண்டுவந்தார்.

அந்த ஊர்க் கணக்கில் எலி, மாடு என்று பன்னிரண்டு மிருகங்கள் ஆளுக்கொரு வருஷம் ஆளும். கருவில் இருந்த காலமும் ஒரு வயசு. பிறந்த மிருகத்தின் வருஷம் திரும்பி வரும் பதின்மூன்று, இருபத்தைந்து, முப்பத்தேழாம் வயதுகளில் கண்டம். அந்நாட்டார் அந்த வருஷம் கொஞ்சம் கவனமாக இருந்து, கடைசியில் உடுத்திய சட்டையைத் தானம் கொடுத்துவிட்டுத் தங்கள் சோலியைப் பார்ப்பார்கள். அலுவலகம் கவனமாக இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டது. கண்ட வயதில் எவரும் கையெழுத்திடலாகாது என்று சுற்றறிக்கை பறந்தது.

லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் இருந்த இலங்கை அகதி பாலேந்திராவுக்குப் பயணப் பத்திரம் கிடைத்தால் மெட்ராஸ் போய்ச் சிவமலருக்குத் தாலி கட்டலாம். கிடைக்காவிட்டால் அவள் தகப்பன் கனடா மாப்பிள்ளை பார்த்துவிடுவார். முதலில் பார்த்த அதிகாரிக்கு முப்பத்தேழு. அடுத்தவருக்கு இருபத்தைந்து. மூன்றாமவர் சுந்தரராஜன், தஞ்சாவூர்க்காரர், வயது நாற்பது. பாலேந்திராவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“எனக்கு ஒண்ணும் இல்லை. கண்டம் உங்க ஃபைலுக்கு,” என்றார் சுந்தரராஜன் துக்கத்தோடு. “எண்பத்துநாலுல திறந்தது. எலி வருஷம். இதுவும் எலி வருஷம்.”

“பன்னிரண்டு வயசுதானே, சேர்?”

“திறக்கறதுக்கு முன்னாடி தபால் மூட்டையில கிடந்துதே, அந்தக் கர்ப்பம் ஒண்ணு. பதிமூணு. யாரும் தொடக்கூடாது.”

பாலேந்திராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விஞ்ஞானம் வளர்ந்த நாட்டில் இப்படியும் மூடநம்பிக்கையா என்று கட்டடம் அதிரக் கேட்டார். பத்திரிகைக்கு எழுதுவேன் என்றார். மாடியில் இருந்த மேலதிகாரி நடுங்கிப்போய் விதிவிலக்கு அளித்தார். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வந்தால் பத்திரம் கையில்.

பாலேந்திரா விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார். முகம் கறுத்தது.

“வெள்ளி பதினொண்டோ? அது ராகுகாலமெல்லோ, சேர். நல்ல காரியத்துக்கு எடுக்கிற பத்திரம். நான் பன்னிரண்டுக்குப் பிறகு வாறன்.”

பஞ்சாங்கம் பார்க்காமல் பஸ் ஏறாத சுந்தரராஜனுக்கு இதில் பிழையொன்றும் தெரியவில்லை. ‘மனுதாரர் தமது நம்பிக்கையின்படி பன்னிரண்டுக்குப் பிறகு வரச் சம்மதிக்கிறார்’ என்று பயபக்தியோடு எழுதி மாடிக்கு அனுப்பினார்.

பாலேந்திரா சொன்னது மணி. மேலதிகாரி வாசித்தது பன்னிரண்டு வருஷம். பிறர் நம்பிக்கையை மதிப்பதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. உடனே ‘அனுமதிக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த அலுவலகத்தில் அவ்வருஷம் விழுந்த ஒரே கையெழுத்து அதுதான்.