அழகுப் பட்டன்

பெல்ட் மறுபடியும் நின்றது.

"யாரு அமுக்குனது?" என்று கத்திக்கொண்டே குமரகுருபரன் ஓடினான்.

"நாந்தான் தம்பி" என்றாள் மெஷினடியில் நின்ற சாலோமி, கொஞ்சமும் கூசாமல். திரையில் 'நிறுத்து' பட்டன் மேலிருந்து அவள் விரலை இன்னும் எடுக்கவில்லை.

தச்சநல்லூரில் பரமசிவன் அண்ணாச்சி கருப்பட்டிச் சரக்கை வைத்திருக்கும் கிட்டங்கி அது. கருப்பட்டியை அட்டைப்பெட்டியில் அடைத்து பெல்ட்டில் விட்டால் போதும். போகிற போக்கிலேயே மெஷின் எடை பார்த்து, குறைந்த பெட்டியை ஓரமாகத் தள்ளிவிடும். அந்த மெஷினின் தொடுதிரைக்கு மென்பொருள் எழுதியவன் குமரகுருபரன். பெங்களூர் வேலையை உதறிவிட்டு ஊருக்கு வந்தவனுக்குக் கிடைத்த முதல் வேலை. சாயங்காலம் அண்ணாச்சி வந்து பார்க்கும்போது பெல்ட் நிற்காமல் ஓடினால், சாத்தான்குளம் கிட்டங்கிக்கும் அவன் மெஷின்தான். நின்றால் பழைய தராசு திரும்பி வரும். இவன் பெங்களூருக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான்.

சும்மா சொல்லக்கூடாது, பயல் அந்தப் பட்டனை இழைத்து இழைத்துச் செய்திருந்தான். மென்பொருளோடு வருகிற பட்டன் சாம்பல் பூத்து, உயிரே இல்லாமல் கிடக்கும். இவன் அதன் ஓரத்தை உருட்டி, அடியில் நிழல் கொடுத்து, அமுக்கினால் உள்ளே போய் வெளியே வருகிற மாதிரி வரைந்து வைத்தான். "இங்கிலீஷ் ஒரு எழுத்து இருக்கப்படாது" என்று அண்ணாச்சி சொல்லிவிட்டதால், அச்சு வார்த்த மாதிரி தமிழ் எழுத்து வேறு.

அதை எதற்கு இவள் அமுக்குகிறாள்? பக்கத்திலேயே 'தொடங்கு' பட்டனும் பச்சையாக இருந்தது. கை தவறுகிறது என்று முடிவு கட்டினான். 'நிறுத்து'வைச் சிவப்பாக்கி, பெரிதாக்கி, தள்ளி வைத்தான்.

"ஏசுவே! செக்கச்செவேல்னு எம்புட்டு அழகு! இப்பம் கண்ணாடி போடாமலே தெரியுது தம்பி."

பெட்டி வந்தது. அமுக்கினாள். பெல்ட் நின்றது. திரையில் ஓடிய எடை எண்ணும் நின்றது. அதை நிதானமாகப் பார்த்துவிட்டு 'தொடங்கு'வை அமுக்கினாள்.

"அக்கா, தேவைப்பட்டா மட்டும் அமுக்குங்க."

"தேவையில்லாம நான் எதுக்கு அமுக்குதேன்? ஒரு பெட்டிகூட விடல தம்பி."

பட்டனுக்கு ஒரு சத்தம் வைத்தால் பயந்து கையை எடுத்துவிடுவாள் என்று நினைத்தான். அமுக்கினால் 'டொக்' என்று அடித்தது. விளைவு, லாரியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த சுஜின் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றான்.

"அக்கா, நானும் ஒரு அமுக்கு அமுக்கட்டா?"

அவனுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர். பெட்டிகள் மலையாகக் குவிந்தன. லாரிக்காரர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார்.

கடைசியில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு, பட்டனைச் சாம்பலாக்கி, கடுகளவாகச் சுருக்கி, திரையின் மூலையில் ஒளித்து வைத்தான். சாலோமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினாள். கண்டுபிடித்துச் சுண்டுவிரல் நுனியால் அமுக்கினாள். பெல்ட் நின்றது.

"எத்தன அழகா இருந்துச்சு! கெடுத்துட்டியே தம்பி" என்றாள். அவள் முகம் உண்மையாகவே வாடிப்போயிற்று.

செய்தவனுக்குப் பொறுக்குமா? பழைய சிவப்பைத் திருப்பிக் கொண்டுவந்து, ஓரத்தில் பொன் நிறத்தில் ஒரு கோடும் இழுத்துக் கொடுத்தான். கிட்டங்கியே "அடேயப்பா!" என்றது.

அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி வந்து சேர்ந்தார். பெட்டி வந்தது. டொக். பெல்ட் நின்றது. அடுத்த பெட்டி. டொக்.

"ஏலே, என்னல இது? டவுன் பஸ் கணக்கா நின்னு நின்னு போவுது?"

குமரகுருபரன் ஓடிவந்து திரையைக் காட்டினான். "பட்டன்... பட்டன் எல்லாம் சரியாத்தான் அண்ணாச்சி இருக்கு..."

"பட்டன் அழகாத்தாம்ல இருக்கு, நான் இல்லைன்னா சொன்னேன்? அழக வச்சு என்ன செய்ய? லாரி நிக்கி. கழத்து எல்லாத்தையும்! ஏ சாலோமி, உள்ள போயி அந்தப் பழைய தராச எடுத்துட்டு வா."

நேற்றுவரை அந்தத் தராசடியில் நின்று எடை போட்டவள் சாலோமி. அவள் இடத்தை விட்டு அசையவில்லை. திரையை மறைத்த மாதிரி முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

"தராசு என்னத்துக்கு மொதலாளி? தம்பிதான் இம்புட்டு அழகா 'நிறுத்து'ன்னு எழுதி வச்சிருக்கே! காலையிலேர்ந்து ஒவ்வொரு பெட்டியா நான் அத அமுக்கித்தான நிறுத்துக்கிட்டு இருக்கேன், ஒண்ணுலகூட எடை குறையல!"