லத்தாவில் பார்த்து வாங்கிய துப்பாக்கி

கடைக்குப் போகும்போது தயவுசெய்து என்னைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். கத்தரிக்காயைக் காம்பிலிருந்து ஆராய்வேன். செருப்பை மடித்துப் பார்ப்பேன். பாத்திரத்தைக் காதோரம் வைத்துத் தட்டிப் பார்ப்பேன். “இந்தம்மா வந்துட்டா, இன்னிக்கு யாவாரம் போச்சு” என்று கடைக்காரர்கள் முணுமுணுப்பது என் காதில் விழாமல் இல்லை. விழுந்தால் விழட்டும். எதையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்கிற இந்த வியாதி எனக்குச் சின்ன வயதிலேயே உண்டு. அது முற்றிப்போய்ச் சந்தி சிரித்தது ஒரு துப்பாக்கியால்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. ரங்கூனில், தாகேதா பக்கம், ஓடையை ஒட்டி ஒரு பருப்புக் கிடங்கு. அதில் என் அப்பா தர்வான். (வாட்ச்மேனைத்தான் எங்கள் ஆட்கள் இன்னும் அப்படிச் சொல்கிறோம்.) கேட்டை ஒட்டி ஓர் அறை கொடுத்திருந்தார்கள். அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் அதில்தான் இருந்தோம். தர்வான் வேலை போனால் அறையும் போய்விடும். அம்மா இதைச் சாமி கும்பிடும்போதுகூட வாய்விட்டுச் சொல்லிக் கும்பிடுவாள்.

அந்த வருஷம் ஓடை வழியாகத் திருடர்கள் படகில் வந்து இரண்டு முறை மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். முதலாளி ஊ மியா நல்ல மனிதர்தான், ஆனால் பயந்துவிட்டார். (ஊ என்பது பர்மாவில் பெரியவர்களின் பெயருக்கு முன்னால் போடும் மரியாதை.) அப்பாவைக் கூப்பிட்டு, “இனிமேல் துப்பாக்கி டியூட்டிதான் ஊ முத்து. உங்களால் முடியாவிட்டால் சொல்லுங்கள், என் ஊரிலிருந்து ஒரு பையனை வரவழைக்கிறேன்” என்றார்.

நிஜத் துப்பாக்கியைப் பற்றிக் கனவில் பேசினால்கூட வந்து பிடித்துக்கொண்டு போகிற காலம். அவர் சொன்னது காற்றழுத்தத்தில் சின்னக் குண்டைத் துப்புகிற ஏர்கன். காவல்காரன் தோளில் மாட்ட வசதியாகக் குட்டையாக இருக்க வேண்டும். வாங்கும் செலவு அவருடையது. வாங்கி வந்ததும் அப்பா சுட்டுக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

“எனக்கென்ன சயா! ஒரு காலத்துல பறக்கற காக்காவையே அடிச்சவன்” என்றார் அப்பா. (சயா என்றால் ஐயா.) என்னிடம் வந்து, “நீயே பார்த்து வாங்கிட்டு வந்துடும்மா. நான் எதுக்கு? நீ பார்த்தா சரியாத்தான் இருக்கும்” என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போது ரங்கூனின் கடைத்தெருப் பகுதியான லத்தாவில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சாயம் போகிற லுங்கியைத் தொட்டே கண்டுபிடிப்பவள் நான். ஆனால் துப்பாக்கியில் எந்தப் பக்கம் குண்டு வரும் என்பதே எனக்குச் சந்தேகம். அதனால் படிக்கப் போனேன்.

என் வாத்தியார் செல்வம். என்னைவிட ஒரு வயது பெரியவன். பகோடா என்கிற புத்தர் கோயில்களின் திருவிழாக்களில் பலூன் சுடும் கடை போடுபவன். (இப்போது என் வீட்டுக்காரர். அது வேறொரு விபத்து.) ஜனங்கள் பலூனைச் சுட்டு ஜெயித்துவிடக் கூடாது என்பதற்காகத் துப்பாக்கிகளைப் பக்குவமாகக் கெடுத்து வைப்பது அவன் தொழில். கெடுக்கத் தெரிந்தவனுக்குத்தானே நல்லது தெரியும்?

“குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடிச்சு உள்ளே பாரு” என்றான். “உள்ளே வளையம் வளையமாத் தெரியும். எல்லாம் ரவுண்டா இருக்கணும். ஒண்ணு முட்டை மாதிரி இருந்தாலும் குழல் வளைஞ்சிருக்கு, கீழே வெச்சிடு. அப்புறம் பிடிக்கட்டையைக் குலுக்கு. லொடலொடன்னு ஒரு சத்தம் கேட்டாலும் வேண்டாம்.”

“அவ்வளவுதானா?”

“இனிமேதான் முக்கியம். ஒரே குறிக்கு அஞ்சு குண்டு சுடு. குறியில படலேன்னா கவலைப்படாதே. அஞ்சும் பக்கத்துப் பக்கத்துல விழுந்துதுன்னா துப்பாக்கி நல்லது, நீதான் மக்கு.”

ஒரு வாரம் அவன் கடையில் பயிற்சி. வாரக் கடைசியில் துப்பாக்கிக்கே ஜாதகம் கணித்துக் கொடுக்கிற அளவுக்கு எனக்குத் திமிர் வந்துவிட்டது.

லத்தாவில் மீன்பிடி சாமான்களோடு ஏர்கன் விற்கிற ஒரு சீனர் கடை. மனிதர் பொறுமைசாலி. ஒன்றை எடுத்தார், வளையம் சரியில்லை என்றேன். இன்னொன்றை எடுத்தார், குலுக்கினேன், சத்தம் கேட்டது. (பிற்பாடுதான் தெரிந்தது, அது என் வளையல்.) கடையில் இருந்த அத்தனையையும் இறக்க வைத்து, பின்கட்டில் தகர மூடியைத் தொங்கவிட்டுச் சுட்டுப் பார்த்து, கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அஞ்சு குண்டும் ஒரு வடையில் அடங்குகிற இடத்தில் விழுந்தன. சீனர் என்னைக் கும்பிடாத குறை.

அதைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ராணி மாதிரி வந்தேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கர்வமாக இருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா, “அமலே! என்னடி இது மூஞ்சி!” என்று கத்தினாள். (அமலே என்றால் பர்மியில் ‘அம்மாடியோ’.) குழலைக் கண்ணில் வைத்து வைத்துப் பார்த்ததில் எண்ணெய்க் கறுப்பு ஒட்டி, வலது கண்ணைச் சுற்றி இட்லித்தட்டுக் குழி மாதிரி ஒரு வட்டம். அம்மா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா மட்டும் என் முகத்தைப் பார்த்து, “நல்லபடியா முடிஞ்சுதாம்மா?” என்று கேட்டார். என் மனம் நோகக் கூடாது என்று சிரிப்பை அடக்கிக்கொண்டார் என நினைத்தேன்.

மறுநாள் ஆயுத பூஜை. வெட்டரிவாள், தராசு, சாக்கு ஊசி எல்லாவற்றோடும் துப்பாக்கியையும் வைத்தோம். பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்று எடுக்கக் கூடாது என்பதால் அப்பா அதைப் பிடித்துக்கூடப் பார்க்கவில்லை. சந்தனம் மட்டும் வைத்தார், தாராளமாக, குழலின் நுனியில் குறி பார்ப்பதற்காக நிற்கிற முளையின் மேலேயே அப்பி.

அடுத்த நாள் காலை ஊ மியா நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கிடங்குச் சுவரில் தகர மூடி தொங்கியது. அப்பா நெஞ்சை நிமிர்த்தி நின்று சுட்டார். முதல் குண்டு மழைத்தண்ணீர்க் குழாயில் பட்டு டங்கென்றது. இரண்டாவது ஆபீஸ் ஜன்னல் கண்ணாடியை உடைத்தது. மூன்றாவது எங்கே போனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆனால் கிடங்கில் படுத்திருந்த நாய் எழுந்து தெருவுக்குப் போய்விட்டது.

“சந்தனம்!” என்று நான் பாய்ந்தேன். “குறியில சந்தனம் அப்பியிருக்கு சயா, அதான்!” முந்தானையால் துடைத்துக் கொடுத்தேன். மறுபடியும் சுட்டார். மறுபடியும் சுவரெல்லாம். குண்டு ஈரம் என்றேன். காற்று அடிக்கிறது என்றேன். (ஓர் இலைகூட அசையவில்லை.)

ஊ மியா எழுந்து, “பரவாயில்லை, ஊ முத்து. ஒரு வாரம் பழகுங்கள், பிறகு பார்ப்போம்” என்றார்.

நான் அங்கே வாயை மூடியிருக்க வேண்டும். யாராக இருந்தாலும் மூடியிருப்பார்கள். ஆனால் நான் பார்த்து வாங்கிய பொருளாயிற்றே! ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “அந்தச் சீனன் துப்பாக்கியை மாத்திக் கொடுத்து ஏமாத்திட்டான் சயா! நீங்களே வாங்க, நாலு பேர் முன்னாடி கேட்டுடறேன்!” என்றேன்.

“வேண்டாம்மா, பேசாம இரு” என்றார் அப்பா. நான் கேட்டால்தானே. முதலாளியின் வண்டியிலேயே முதலாளியையும் அப்பாவையும் ஏற்றிக்கொண்டு லத்தாவுக்குப் போனேன்.

கடை வாசலில் நான் போட்ட சத்தத்தில் கூட்டம் கூடிவிட்டது. சீனர் எல்லோரையும் பின்கட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே அதே மாதிரி ஒரு மூடியைத் தொங்கவிட்டு, துப்பாக்கியை ஊ மியாவிடம் நீட்டினார். ஊ மியா சுட்டார், மூடி ஆடியது. என்னிடம் நீட்டினார். சுட்டேன், மூடி ஆடியது.

சீனர் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு அப்பாவிடம் வந்தார். மாமாவைக் கூப்பிடுவதுபோல “ஊலே” என்று மெதுவாகக் கூப்பிட்டு, “சுட வேண்டாம். அந்த மூடி எங்கே இருக்கிறது, கையை நீட்டிக் காட்டுங்கள், போதும்” என்றார்.

அப்பா கையை நீட்டினார். அவர் விரல் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் காட்டியது.

கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

“வலது கண்ணு போய் ரொம்ப நாளாச்சும்மா” என்று அப்பா தமிழில் என்னிடம் மட்டும் சொன்னார். “இடது கண்ணு ஏதோ புகை மாதிரி. சொன்னா ரூம் போயிடுமே, உங்களை எங்கே கொண்டுபோய் வெப்பேன்? ஒரு வாரம் கிடைச்சா எப்படியாவது அந்த மூடி இருக்கிற இடத்தைக் கையாலேயே பழகிக்கிடலாம்னு பார்த்தேன்.”

அந்த ஒரு வாரத்தைத்தான் நான் நாலு பேர் முன்னாடி பிடுங்கிப் போட்டேன்.

ஊ மியா எங்களைத் துரத்தவில்லை. அவரே கண் டாக்டரிடம் அழைத்துப் போனார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துவிட்டது, முன்பே வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார் டாக்டர். துப்பாக்கி டியூட்டிக்கு முதலாளியின் ஊரிலிருந்து அந்தப் பையன் வந்தான், நாங்கள் அறையைக் காலி செய்து மாவ்பியில் என் தாய்மாமா வீட்டுக்குப் போனோம். அம்மா அங்கே சந்தையில் வடை சுட்டு விற்றாள். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அப்பாவுக்கு இடது கண்ணும் போய்விட்டது.

அதன் பிறகுதான் அவர் இந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். கல்யாண வீடோ கருமாதி வீடோ, நாலு பேர் உட்கார்ந்தால் போதும். “என் மக ரங்கூன்லயே நல்ல துப்பாக்கியாப் பார்த்து வாங்கினா. சுடற ஆளைத்தான் பார்க்காம விட்டுட்டா!” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அப்பா சிரிக்கமாட்டார், என் குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தலையைச் சாய்த்துக் காத்திருப்பார். நான் சிரித்தால்தான் அவருக்கு நிம்மதி, நான் இன்னும் மனதில் போட்டுப் புழுங்கிக்கொண்டிருக்கவில்லை என்று. புன்னகை அவருக்குத் தெரியாதே. அதனால் உரக்கச் சிரிப்பேன். கண்ணீர் வழிந்தால் துடைப்பதுகூட இல்லை, சத்தம் பிசிறாமல் வந்தால் போதும்.

அப்பா போய்ப் பல வருஷமாகிறது. இப்போது அந்தக் கதையை, அவர் குரலிலேயே, என் மகள் சொல்கிறாள். நேற்றுக்கூடச் சொன்னாள். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.

“ஏம்மா, இதுக்குப் போய் இவ்வளவு சத்தமாவா சிரிப்பாங்க?” என்றாள் அவள்.