ரகசியம் போட்ட சத்தம்

மதுரை ஜில்லாவிலேயே மெதுவாகப் பேசத் தெரிந்த ஒரே ஆண்பிள்ளை என் வீட்டு மாடிப் போர்ஷனில்தான் குடியிருந்தார். அவரும் கேமராவுக்கு முன்னால் மட்டும்தான் மெதுவாகப் பேசுவார். கேமராவை அணைத்துவிட்டு, "உப்ப எங்க வச்ச?" என்று அவர் மனைவியைக் கேட்டால், அது யானைமலையில் மோதித் திரும்பி வந்து எங்கள் அடுப்படியில் இரண்டாம் தடவை கேட்கும். என் மனைவி ஒரு நாள், "அஞ்சறைப் பெட்டி பக்கத்துல" என்று பதில்கூடச் சொல்லிவிட்டாள்.

அப்போது நாங்கள் ஒத்தக்கடையில், மேலூர் ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே குடியிருந்தோம். வாடகைப் பத்திரத்தில் அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. தபால்காரரைத் தவிர யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. தெருவுக்கு அவர் 'ரகசியம்'. அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது அவருடைய வீடியோ சேனல்.

ரஷ்யாவில் ஏதோ ஒரு ஊரில் டாக்டருக்குப் படிக்கும் நம் பிள்ளைகளுக்குச் சாம்பார் ஆக்கிப் போடும் மெஸ்ஸில் ஏழு வருஷம் சமையல்காரராக இருந்துவிட்டுத் திரும்பியவர் அவர். காலையில் மேலூர் ரோட்டு ஹோட்டல் ஒன்றில் இட்லி அவிப்பார். மதியம் வீட்டுக்கு வந்து கதவு ஜன்னலையெல்லாம் அடைத்துவிட்டு, மைக்கை உதட்டோடு ஒட்டிக்கொண்டு, 'பைய ஒரு ரஷ்யா' என்ற தன் சேனலுக்காக ரஷ்யப் பழக்கவழக்கங்களைக் கிசுகிசுப்பார்.

"வணக்கம்... கண்ணை மூடிக்கங்க... இப்ப நாம ரஷ்யாவுல ஒரு வீட்டுக்கு விருந்தாளியாப் போறோம்... பைய டீயை ஊத்துவோம்... அதுல ஒரு கரண்டி ஜாம்..."

நடுநடுவே மரக்கரண்டியை நகத்தால் தட்டுவார். உருளைக்கிழங்கைச் சரசரவென்று தோல் சீவுவார். டம்ளரில் டீ விழுகிற சத்தத்தை மட்டும் ஒரு நிமிஷம் கேட்க விடுவார். இதைக் கேட்டால் தூக்கம் வருகிறதாம். துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும், 'அண்ணே, நீங்க டீ ஊத்தி முடிக்கிறதுக்குள்ள தூங்கிட்டேன்' என்று நன்றி எழுதியிருந்தார்கள். நானும் இருபது வருஷமாகப் பத்திரிகையில் எழுதுகிறேன். என் வாசகர்களும் தூங்கித்தான் இருப்பார்கள். மரியாதைக்காக வெளியே சொல்லாமல் இருக்கிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், ஒத்தக்கடையில் சத்தம் இல்லாத நேரம் என்று ஒன்று கிடையாது. பஸ் ஹாரன் ஓய்ந்தால் காதுகுத்து வீட்டு ஸ்பீக்கர் பாடும். அது ஓய்ந்தால் அவர் மனைவி பேச்சியம்மாள் மிக்சியைப் போடுவாள். 'ரஷ்யாவுல பனி விழும்போது எம்புட்டு அமைதியா இருக்கும் தெரியுமா' என்று அவர் உருகுகிற வீடியோவில், பின்னாலிருந்து ஒரு குரல், 'பழைய இரும்பு, ஈயம், பித்தளை, உடைஞ்ச பிளாஸ்டிக் சேர் எடுக்கிறது' என்று தெளிவாகக் கேட்கும். ரகசியம் பொறுமை இழந்து பால்கனிக்கு ஓடி வருவார்.

"ஏப்பா! சத்தம் போடாம இருங்கப்பா! இங்க ஒருத்தன் பைய பேசிக்கிட்டு இருக்கேன்ல!"

அன்றைக்குத் தெருவில் கேட்ட சத்தங்களிலேயே பெரிய சத்தம் அதுவாகத்தான் இருக்கும்.

வீடியோவோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. ரஷ்யப் பழக்கங்களை எங்கள் மேலேயே பழகிப் பார்த்தார். அங்கே வீட்டுக்கு வருகிறவர்கள் வெளிச்செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுச்செருப்பு போட்டுக்கொள்ள வேண்டுமாம். அவர் வாசலில் ஆறு ஜோடி ரப்பர் செருப்பு வரிசையாக இருக்கும். வாடகை விஷயமாக மேலே போன என்னையும் ஒரு ஜோடியில் ஏற்றிவிட்டார். சாமி படம் இருக்கிற வீட்டுக்குள் செருப்புக் காலோடு நின்று பேச எனக்கு நாக்கு ஒத்துழைக்கவில்லை. வந்த விஷயத்தைச் சொல்லாமலே இறங்கி வந்துவிட்டேன். வாடகையை ஏற்றாமல் இருப்பதற்காகத்தான் அந்தச் செருப்பு என்று என் மனைவி கண்டுபிடித்தாள்.

இன்னொரு நாள் மேலூரில் என் மச்சினன் மகள் கல்யாணம். நாங்கள் பட்டும் வேட்டியுமாக வாசல்படி இறங்குகிற நேரத்தில் வழிமறித்தார்.

"அண்ணே, மதினி, ஒரு நிமிஷம் உக்காருங்க. அங்கெல்லாம் பயணம் கெளம்புனா எல்லாரும் பேசாம ஒரு நிமிஷம் உக்காந்துட்டுத்தான் போவாங்க. அப்பத்தான் போற காரியம் நல்லா நடக்கும்."

உட்கார்ந்தோம். நாங்கள் பேசாமல் உட்கார்ந்திருந்த அந்த ஒரு நிமிஷத்தில் மேலூர் பஸ் எங்களைத் தாண்டிப் போய்விட்டது. மண்டபத்துக்குப் போய்ச் சேரும்போது தாலி கட்டி முடித்துப் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். காரியம் நல்லபடியாகத்தான் நடந்திருந்தது. நாங்கள்தான் அங்கே இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த நீராவிக் குளியல். ரஷ்யர்கள் அறை முழுக்க ஆவியை நிரப்பி உட்கார்ந்துகொண்டு, இலைக்கொத்தால் உடம்பில் அடித்துக்கொள்வார்களாம். அவர்கள் மரம் நமக்கு ஏது? ரகசியம் வேப்பங்குலையை ஒடித்தார். பாத்ரூமில் நான்கு அண்டா வெந்நீரைக் கொதிக்கக் கொதிக்க வைத்து, துண்டோடு உட்கார்ந்து, கேமராவைப் பார்த்துக் கிசுகிசுக்க ஆரம்பித்தார். முதுகில் அடிக்கும் பொறுப்பு பேச்சியம்மாளுக்கு. கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் இப்படி ஒரு வாய்ப்பு அவளுக்கு வந்ததில்லை. மனசாரச் செய்தாள்.

கீழே என் மனைவிக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: பாத்ரூம் ஜன்னலில் புகை, சளார் சளாரென்று வேப்பிலை அடி, நடுவில் ஒரு ஆண்குரல் புரியாத பாஷையில் முனகுகிறது. அவள் ஆள் அனுப்ப, அரை மணி நேரத்தில் உடுக்கையோடு பேய் ஓட்டும் கோடாங்கியே வந்துவிட்டார். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், "யாரு நீ? எந்த ஊரு? எதுக்கு இவனப் புடிச்ச?" என்று அதட்டினார்.

கேமரா ஓடிக்கொண்டிருந்ததால் ரகசியம் கிசுகிசுப்பாகவே, "ரஷ்யா" என்றார்.

கோடாங்கி உடுக்கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "அம்புட்டுத் தூரத்துக்கு நம்ம மருந்து வேலை செய்யாது தாயி" என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

இதையெல்லாம் சொல்லி நான் ஊரெல்லாம் சிரித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான், யானைமலை பார்க்க நிஜமான ரஷ்யத் தம்பதி ஒன்று வந்தது. ரகசியத்தை நானே இழுத்துக்கொண்டு ஓடினேன். இன்றைக்குச் சாயம் வெளுத்துவிடும் என்ற நல்லெண்ணம்தான். அவர் நேராகப் போய் அந்த ஆறடி மனிதரின் காதருகே எம்பி எதையோ கிசுகிசுத்தார். மனிதர் மூன்றடி பின்வாங்கி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சத்தமாச் சொல்லுய்யா!" என்றேன்.

ரகசியம் மூச்சை இழுத்தார். முகம் சிவந்தது. வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. திரும்பி வரும் வழியில்தான் விஷயத்தைச் சொன்னார்.

"எனக்கு ரஷ்யப் பாஷை கிசுகிசுன்னாத்தாண்ணே வரும். சத்தமா வராது."

நான் சிரித்த சிரிப்பில் டீக்கடை பெஞ்சில் உட்கார வேண்டியதாயிற்று. அவர் சிரிக்காமல் காரணத்தைச் சொன்னார். மெஸ்ஸின் அடுப்படிக்கு நேர் மேலே பிள்ளைகளின் படுக்கை அறைகள். விடிவதற்கு முன் சமையல் தொடங்கியாக வேண்டும். சத்தம் கேட்டு ஒரு பிள்ளை விழித்தாலும் முதலாளியிடம் புகார் போகும். அங்கே காய் நறுக்க வந்த வேரா என்ற அம்மாள்தான் இவருக்குப் பாஷை சொல்லிக்கொடுத்தவர். உருளைக்கிழங்கைத் தூக்கிக் காட்டி 'கர்தோஷ்கா' என்பார், கிசுகிசுப்பாக. வெங்காயத்துக்கு 'லூக்'. உப்புக்கு 'சோல்'. ஏழு வருஷமும் அப்படியே. இவர் குரலைக் கொஞ்சம் உயர்த்தினாலும் வேரா உதட்டில் விரலை வைத்து, கூரையைக் கண்ணால் காட்டி, 'ஷ்ஷ்ஷ்' என்பாராம்.

அடுத்த வருஷம் மார்கழியில் ஒரு நாள் ரகசியம் கீழே இறங்கி வந்தார். "அண்ணே, ஒரு சங்கதி" என்றார். கேமரா இல்லாமல் அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு என்னவோ போலிருந்தது.

வேராவின் மகள் செல்போனில் குரல் செய்தி அனுப்பியிருந்தாள். அம்மா உங்கள் வீடியோ ஒன்றையும் விடுவதில்லை, ஆனால் காது வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறது, மெஷின் மாட்டியும் உங்கள் கிசுகிசுப்பு அவளுக்குக் காற்று மாதிரிதான் இருக்கிறது, கொஞ்ச நாளில் மெஷினும் உதவாது என்கிறார்கள், பேசுவதென்றால் இப்போதே சத்தமாகப் பேசிவிடுங்கள் என்று.

"எழுதி அனுப்புய்யா" என்றேன்.

"எழுதத் தெரியாதுண்ணே. அந்தம்மா எனக்கு எழுதியா சொல்லிக்குடுத்துச்சு?" என்றார். "மொத வருஷம் குளிர் தாங்காமக் காய்ச்சல்ல படுத்துட்டேன். முதலாளி ஊருக்கு அனுப்பிருவேன்னாரு. அந்தம்மாதான் எனக்கு டீல ஜாமைப் போட்டுக் குடுத்துட்டு, என் வேலையையும் சேத்துப் பாத்துச்சு. சாம்பாருக்குப் புளி கரைச்சுச்சுண்ணே, ரஷ்யாக்காரம்மா! நன்றின்னு ஒரு வார்த்தை நான் வாய்விட்டுச் சொன்னதில்ல."

நான் கிண்டலை மூட்டை கட்டி வைத்தேன். தினமும் சாயங்காலம் மொட்டை மாடியில் பயிற்சி. நன்றிக்கு ரஷ்ய வார்த்தை 'ஸ்பசீபா'. அவர் யானைமலையைப் பார்த்து நின்று நெஞ்சை நிமிர்த்துவார். "ஸ்..." என்று காற்று வரும். இன்னும் முக்கினால், "சாம்பாரு ஆறுது, சாப்பிட வாங்கடா!" என்று தமிழ் வெடிக்கும். அவருடைய பெரிய குரலுக்கு அது ஒன்றுதான் பழக்கம்.

"சத்தமாச் சொல்லப் போனா, மேல தூங்குற புள்ளைக முழிச்சிருமேன்னு தொண்டை அடைச்சுக்கிடுதுண்ணே" என்றார். மறுபடி கோடாங்கியைக் கூப்பிடலாமா என்று என் மனைவி கேட்டாள். இந்தத் தடவை நானே யோசித்தேன்.

ரஷ்யாவில் பழைய காலண்டர்படி புத்தாண்டு இன்னொரு தடவை வருமாம். அது நம் பொங்கல் சமயத்தில் வந்து விழும். ஒவ்வொரு வருஷமும் அன்றைக்கு வேராவுக்கு அவர் வீடியோ கால் போடுவார். தெருச் சத்தத்துக்குப் பயந்து பாத்ரூமுக்குள் உட்கார்ந்து பேசுவதுதான் வழக்கம். அந்த வருஷம் அது பொங்கலன்றே வந்ததால் வாசலுக்கே வரச் சொன்னேன். ஸ்கூட்டர் சீட்டில் செல்போனைச் சாத்தி வைத்து, எதிரே பிளாஸ்டிக் நாற்காலி போட்டோம். தெரு முழுக்கப் பொங்கல் பானைகள். முனையில் ரேடியோ செட் அலறிக்கொண்டிருந்தது.

திரையில் வேரா வந்தார். தலையில் பூப்போட்ட துணி, காதில் மெஷின், பின்னால் மகள். ரகசியம் கிசுகிசுத்தார். வேரா காதருகே கையைக் குவித்துத் தலையை ஆட்டினார், கேட்கவில்லை என்று. இவர் மறுபடி முயன்றார். அந்த அம்மாள் மறுபடியும் தலையை ஆட்டினார். ரகசியத்தின் கண் கலங்கிவிட்டது. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ தெரியாது. "யோவ்! நல்லாப் பாருய்யா! இந்தத் தெருவுல எவன்யா தூங்குறான்? கத்துய்யா!" என்று நானே கத்தினேன்.

அவர் திரும்பித் தெருவைப் பார்த்தார். அதே நேரத்தில் பேச்சியம்மாளின் பானை பொங்கி வழிந்தது. பெண்கள் குலவை போட, தெருவே "பொங்கலோ பொங்கல்!" என்றது. அந்தச் சத்தத்தோடு சத்தமாக இவரும் எழுந்து நின்றார்.

"வேராக்கா! ஸ்பசீபா! ஸ்பசீபா வேராக்கா!"

யானைமலை அதைத் திருப்பிச் சொன்னது. ரேடியோ செட்காரர் பயந்துபோய்ப் பாட்டை நிறுத்திவிட்டார்.

திரையில் வேரா திடுக்கிட்டார். சட்டென்று உதட்டில் விரலை வைத்தார். கண்ணால் கூரையைக் காட்டினார். "ஷ்ஷ்ஷ்!"

பிறகுதான் அந்த அம்மாளுக்கே உறைத்தது. விரலை எடுத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். இவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "கர்தோஷ்கா!" என்று கத்தினார். அங்கிருந்து வேராவும் "கர்தோஷ்கா!" என்றார். "லூக்!" "லூக்!" "சோல்!" "சோல்!" என்று அடுப்படிச் சாமான் முழுக்க இருவரும் கத்தித் தீர்த்தார்கள். ரஷ்யப் பொங்கலுக்கு இதுதான் மந்திரம் என்று நினைத்து எங்கள் தெருப் பெண்கள் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு குலவை போட்டார்கள். நான் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கேட்டவர்களிடம் அடுப்புப் புகை என்றேன்.

பேச்சியம்மாள் பக்கத்தில் நின்று எடுத்த அந்த வீடியோவை ரகசியம் தன் சேனலில் போட்டார். 'அண்ணே, தூங்கலாம்னு போட்டேன், கட்டில்ல இருந்து விழுந்துட்டேன்' என்று சாபங்கள் வந்தன. அவர் அதை எடுக்கவே இல்லை.

இப்போது நாங்கள் திருமங்கலத்தில் மகன் வீட்டில் இருக்கிறோம். தெரு ரொம்ப அமைதி. மாடியில் குடியிருப்பவர் நடப்பதுகூடக் கேட்காது. மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் எனக்குக் கண் அசருவதில்லை. ரகசியத்தின் டீ ஊற்றும் வீடியோவைப் போட்டுப் பார்த்தேன், பலனில்லை. அந்தப் பொங்கல் வீடியோவைப் போட்டு, அவர் கத்துவதைக் கேட்டால்தான் தூக்கம் வருகிறது. மாடியில் அவர் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிவிடுகிறேன்.