வேப்பிலை கட்டிய வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை விடிவதற்குள் வீட்டில் யாருக்காவது அம்மை போட்டாக வேண்டும். யாருக்கு என்பதில்தான் கணவன் மனைவிக்குள் ஒத்துவரவில்லை.

“கண்ணம்மாவுக்குன்னு சொல்லிடுவோம். சின்னப் பிள்ள. படுன்னா படுத்துக்கும்” என்றான் கலியமூர்த்தி.

கமலம் கையிலிருந்த கரண்டியோடு திரும்பினாள். “என் பிள்ள மேல வெச்சு அந்த வார்த்தைய இன்னொரு வாட்டி சொன்னீங்கன்னா நான் பொல்லாதவளா ஆயிடுவேன். அர்ச்சுனன் பேரையும் எடுக்கக் கூடாது. வேணும்னா உங்களுக்குப் போட்டுக்குங்க.”

இப்படித்தான், விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் கப்புகளுக்குக் காது ஒட்டிக்கொண்டிருந்த கலியமூர்த்திக்கு, அறுபத்தெட்டாம் வருஷத்துக் கோடை லீவில் அம்மை போட்டது.

சங்கதி இதுதான். முந்தின நாள் சந்தையில் தங்கையைக் கட்டிக்கொடுத்த நல்லூரைச் சேர்ந்த பக்கிரி, கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டிருந்தவன், இவனைப் பார்த்ததும் தராசைக் கீழே வைத்தான்.

“ஒன் தங்கச்சி ராஜம்மா சொல்லியனுப்பிச்சுது. வெள்ளிக்கிழமை காலைல குடும்பத்தோட வருதாம். நீங்க யாரும் எங்கயும் போயிடாம வூட்டுலயே இருக்கணுமாம்.”

கலியமூர்த்தி வாங்கின கத்தரிக்காயை அங்கேயே விட்டுவிட்டு வீடு வந்து சேர்ந்தான்.

தங்கை மேல் அவனுக்குக் கொள்ளைப் பிரியம். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவளுக்கு நாலு பிள்ளைகள், இவன் தாய்மாமன். பள்ளிக்கூடம் மூடினால் தாய்மாமன் வீடுதான். நாலு பேருக்கும் துணி எடுக்க வேண்டும். சினிமாக் கொட்டகைக்கு அழைத்துப் போக வேண்டும். மத்தியானம் ஐஸ் வண்டி மணியடித்தால் இவன் பிள்ளைகளோடு சேர்த்து எல்லாருக்கும் வாங்க வேண்டும். ஊருக்குப் புறப்படும்போது ஒவ்வொரு உள்ளங்கையிலும் காசு வைக்க வேண்டும். இதையெல்லாம் செய்யாமல் ஒரு தாய்மாமன் அந்தப் பக்கத்தில் தலைநிமிர்ந்து நடந்துவிட முடியாது.

வீட்டு அலமாரியில் ஒரு பீங்கான் டீ ஜாடி இருந்தது. சூளையில் மூக்கு கோணிப்போய், விற்க ஆகாது என்று கம்பெனியில் ஒதுக்கியது. அதற்குள்தான் கடல் இருந்தது. அர்ச்சுனனும் கண்ணம்மாவும் கடலைப் பார்த்ததில்லை. கமலமும் பார்த்ததில்லை. உண்மையைச் சொன்னால் கலியமூர்த்தியே கடலூர் ஸ்டேஷன் வரைக்கும்தான் போயிருக்கிறான். எல்லாருமாக ரயிலேறிப் போய்க் கடலில் காலை நனைத்துவிட்டு வருவதென்று ஒவ்வொரு வருஷமும் ஜாடியில் காசு சேரும். லீவு வரும், ராஜம்மாள் வருவாள், ஜாடி காலியாகும். இந்த வருஷம் ஜாடியில் கைவைப்பதில்லை என்று பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தான்.

வராதே என்று கூடப்பிறந்தவளிடம் வாய்விட்டுச் சொல்ல முடியுமா? சொல்லாமல் சொல்ல வேப்பிலை ஒன்றுதான் உண்டு. அம்மை கண்ட வீட்டு வாசலில் ஒரு கொத்தைச் செருகிவிட்டால் போதும், வெளியூரிலிருந்து வருகிறவர்கள் படியேற மாட்டார்கள். கடன்காரன்கூடப் பார்க்காததுபோல் போய்விடுவான்.

“ஒரே ஒரு நாளுதான் கமலம். அது வெள்ளிக்கிழமை வரும், வாசல பாக்கும், திரும்பிப் போயிடும். சனிக்கிழமை எலைய அவுத்துப் போட்டுட்டு நான் வேலைக்குப் போயிடறேன்.”

கமலம் மாரியம்மன் படத்துக்கு முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “ஆத்தா, இந்த ஆளு நான் சொல்றத கேக்கல. எதுவா இருந்தாலும் நீ அவரோட பேசிக்க.”

வெள்ளிக்கிழமை காலை திட்டம் அச்சுப் பிசகாமல் நடந்தது. கலியமூர்த்தி வேப்பிலையைப் பரப்பி, வெள்ளை வேட்டியை மேலே விரித்துப் படுத்துக்கொண்டான். தெருமுனையில் ஏதோ ஒரு லாரி நின்று விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் வாசலுக்கு எட்டத்தில் ராஜம்மாளின் குரல் கேட்டது.

“அண்ணி! யாருக்கு அண்ணி?”

“உங்க அண்ணனுக்குத்தான்.”

அதற்குப்பின் விசும்பல்தான் கேட்டது. கலியமூர்த்தி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். எழுந்துபோய் ‘ஒண்ணுமில்ல, உள்ள வா’ என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தான். அதற்குள் கமலம் உள்ளே வந்துவிட்டாள்.

“போயிடுச்சுங்க. முந்தானைய வாயில வெச்சிக்கிட்டு அழுதுகிட்டே போவுது. ஆனா கையில ஒரு பையிகூட இல்லீங்க. பிள்ளைங்களயும் காணம்.”

“பஸ் ஸ்டாண்டுல உட்டுட்டு வந்திருக்கும். போயிடுச்சில்ல, உடு.”

லாரியும் ஹாரனை நிறுத்திக்கொண்டு கிளம்பிப் போனது. கலியமூர்த்தி படுத்தபடியே அலமாரி ஜாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டான்.

சனிக்கிழமை காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வாசல் வேப்பிலையில் கையை வைத்தான்.

“தம்பி!”

எதிர்வீட்டு வீரம்மாள். மாரியம்மன் கோயில் கூழ், தீச்சட்டி, பால்குடம் எதுவானாலும் அந்தத் தெருவில் அவளைக் கேட்காமல் நடக்காது. சாணித் தண்ணி வாளியோடு அப்படியே நின்றாள்.

“என்னா காரியம் பண்ண இருந்த? ஆத்தா எறங்கி, தலைக்குத் தண்ணி ஊத்தற வரைக்கும் அந்த எலைய யாரும் தொடக் கூடாதுய்யா! சட்டை வேற போட்டிருக்க! கமலம், இவுருக்கு ஒடம்பு சூட்டுல புத்தி தடுமாறுது. உள்ள இழுத்துக்கிட்டுப் போ!”

“வேலைக்குப் போவணும்…” என்று இழுத்தான் கலியமூர்த்தி.

“அந்தக் கவலையே உனக்கு வேணாம். எங்க வூட்டுக்காரரு நேத்தே மேஸ்திரிகிட்ட சொல்லிட்டாரு. தண்ணி ஊத்தற வரைக்கும் கம்பெனிப் பக்கமே எட்டிப் பாக்கக் கூடாதுன்னு அவரு கண்டிசனா சொல்லிட்டாராம்.”

கம்பெனியில் ஒட்டுகிற காதுக்குத்தான் கூலி. காது ஒட்டாதவனுக்கு அங்கே ஒன்றும் கிடையாது. கலியமூர்த்திக்கு நிஜமாகவே காய்ச்சல் வரும்போல் இருந்தது. போய்ப் படுத்துக்கொண்டான்.

அம்மை வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, தாளிக்கக் கூடாது. காலையில் கூழ், மத்தியானம் மோர்ச் சோறு, சாயங்காலம் மறுபடி கூழ். செலவு குறைந்தது என்று கமலம் முதலில் சந்தோஷப்பட்டாள். அப்பளம் இல்லாமல் ஒரு வாய் இறங்காத கலியமூர்த்திதான் கூழைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பினான்.

“ஒண்ணே ஒண்ணு பொரி கமலம். கதவச் சாத்திக்கிட்டுப் பொரி.”

கதவைச் சாத்தினால் வாசனை நின்றுவிடுமா? அப்பளம் சட்டியில் விரிவதற்குள் வீரம்மாள் வாசலில் நின்றாள்.

“கமலம்! எண்ணெ வெச்சியா?”

கமலத்துக்குப் பொய் சரளமாக வராது. திருதிருவென்று விழித்தாள்.

“போச்சு! ஆத்தா கோவிச்சிக்கிட்டா அவ்வளவுதான். இந்த நிமிசமே மஞ்சத் துணியில காசு முடிஞ்சு வெச்சு, தெருவுக்கே கூழ் ஊத்தறதா வேண்டிக்க!”

கமலம் வேண்டிக்கொண்டாள். கேழ்வரகும் நொய்யும் சின்ன வெங்காயமும் வாங்கக் காசு ஜாடியிலிருந்துதான் வர வேண்டும். ஜாடியிலிருந்து காசை எடுக்கும்போது கலியமூர்த்தி அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பிள்ளைகள் பாடுதான் கொண்டாட்டம். தெருவே அம்மை வீட்டுக்கு என்று நுங்கும் இளநீரும் வெள்ளரிப் பிஞ்சும் கொண்டுவந்து வாசலில் வைத்தது. அப்பாவுக்கு வந்ததில் முக்கால்வாசி பிள்ளைகள் வயிற்றுக்குள் போனது.

“அடுத்த லீவுக்கும் அம்மை போட்டுக்குங்கப்பா” என்றாள் கண்ணம்மா, நுங்குச் சாறு வழிய.

மறுநாள் வீரம்மாள் விளக்கோடு உள்ளேயே வந்துவிட்டாள். கலியமூர்த்தி வேட்டியைத் தலைவரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

“முத்து எப்படி எறங்கியிருக்குன்னு நாளைக்கு வந்து பாக்கறேன் தம்பி. எனக்கு ஒரு பார்வை பாத்தாப் போதும், எந்த ஆத்தா வந்திருக்கான்னு சொல்லிடுவேன்.”

அவள் போனதும் கமலம் தலையில் கையை வைத்துக்கொண்டாள். “முத்துக்கு எங்கங்க போறது?”

கலியமூர்த்தி யோசித்தான். பிள்ளைகள் பொம்மை செய்து விளையாடக் கம்பெனியிலிருந்து எடுத்துவந்த வெள்ளைக் களிமண் கொல்லையில் ஒரு உருண்டை கிடந்தது. அதில் துளிக் காவியைக் கலந்து குழைத்தான். கண்ணாடியை அர்ச்சுனன் பிடித்துக்கொண்டான். கப்புக்குக் காது ஒட்டத் தெரிந்தவனுக்கு முத்து ஒட்டுவது ஒரு பெரிய வேலையா? நெற்றியில், கன்னத்தில், தோளில் என்று ஒன்றுபோல் ஒட்டினான். கமலம் பார்த்துவிட்டு ஒரு அடி பின்வாங்கினாள். அவ்வளவு நேர்த்தி.

வீரம்மாள் வந்து குனிந்து பார்த்தாள். “பெரிய ஆத்தாதான்” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, வேப்பிலையால் விசிறத் தொடங்கினாள்.

விசிறியதுதான் வினையாயிற்று. வைகாசி வெயிலுக்குக் காய்ந்துபோயிருந்த களிமண்ணுக்குக் காற்று வேறு பட்டதும், நெற்றியிலிருந்து ஒரு முத்து உதிர்ந்து பாயில் விழுந்தது. பிறகு கன்னத்திலிருந்து ஒன்று. பிறகு தோளிலிருந்து வரிசையாக. வீரம்மாள் வேப்பிலையைக் கீழே போட்டாள்.

“விசிற விசிற உதிருதே! தழும்புகூட இல்லியே! ஆத்தா, தாயே!”

அவள் போட்ட சத்தத்தில் தெரு திரண்டது. ஆத்தா பார்வை பட்ட உடம்பு என்று கலியமூர்த்தி கையால் திருநீறு வாங்க வரிசை நின்றது. பூதாமூர்க் கிராமத்திலிருந்தெல்லாம் கைக்குழந்தையோடு வந்தார்கள். வெயிலில் வந்து நிற்கிறவர்களைத் தொண்டை நனைக்காமல் அனுப்பலாமா? பானகம் கரைக்க வெல்லம் வந்தது, நீர்மோருக்குத் தயிர் வந்தது, எலுமிச்சம்பழம் மூட்டையாக வந்தது. எல்லாம் ஜாடியிலிருந்துதான் வந்தது.

திருநீறு கொடுத்துக் கொடுத்துக் கை கடுத்துப்போன கலியமூர்த்தி, “நாலு பிள்ளைங்களுக்குத் துணியே எடுத்திருக்கலாம் கமலம்” என்றான்.

“இப்ப சொல்லுங்க” என்றாள் கமலம், மோரைக் கலக்கிக்கொண்டே.

ஒருவழியாக வீரம்மாள் நாள் குறித்தாள். வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரை வெயிலில் காயவைத்துத் தலையோடு ஊற்றினார்கள். தெருவுக்கே கூழ் ஊற்றியாகிவிட்டது. ஜாடியைத் தட்டிப் பார்த்த கமலம், அதைக் கழுவி அலமாரியில் கவிழ்த்து வைத்தாள்.

அண்ணனுக்குத் தண்ணி ஊற்றுகிற சேதி பக்கிரி மூலம் நல்லூருக்கு எட்டாமல் இருக்குமா? வேப்பிலையை எடுத்து வாசல் தெளித்த ஈரம் காய்வதற்குள், ராஜம்மாள் புருஷன் சாமிதுரையோடும் நாலு பிள்ளைகளோடும் படியேறி வந்துவிட்டாள். வந்தவள் அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

“உன்ன இப்படியே முழுசா பாக்கணும்னு வேண்டாத சாமி இல்லண்ணே.”

கலியமூர்த்திக்கும் கண் கலங்கியது. பாசத்தில் பாதி, வெட்கத்தில் பாதி. இந்தத் தங்கையைத் துரத்தவா படுத்துக் கிடந்தோம் என்று அவனுக்கே அவன் மேல் கோபம் வந்தது.

சாமிதுரை ஒரு வேர்க்கடலை மூட்டையை இறக்கிக் கூடத்தில் சாய்த்தான். “மல்லாட்ட மச்சான். இந்த வருசம் காணாத வெளச்சல். பிள்ளைங்க கொறிக்கட்டும்.”

“பிள்ளைங்க என்னா இப்படிக் கருத்துப் போயிட்டாங்க?” என்று கேட்டாள் கமலம். நாலும் மூக்கு நுனி வரைக்கும் வெயிலில் வெந்துபோயிருந்தன.

“வெயில்ல ஆட்டம் அண்ணி, வேற என்னா” என்று சட்டென்று சொல்லிவிட்டு, ராஜம்மாள் அடுப்பங்கரைக்குள் போய் உளுந்தைத் தேட ஆரம்பித்தாள்.

இத்தனை நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் எண்ணெய் காய்ந்தது. கடுகு வெடித்த சத்தத்தைக் கலியமூர்த்தி கண்ணை மூடிக் கேட்டான். கொல்லையில் ஆறு பிள்ளைகளும் போட்ட கூச்சலில் ஓடு பறந்துவிடும்போல் இருந்தது. துணிக்கு மேஸ்திரியிடம் முன்பணம் கேட்க வேண்டும், ஐஸ் வண்டிக்காரனிடம் கடன் சொல்ல வேண்டும். இருந்தும் அவனுக்கு மனசு நிறைந்துதான் இருந்தது. வீடென்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். கடல் எங்கே ஓடிவிடப் போகிறது, அடுத்த வருஷமும் கடலூரில்தானே இருக்கும் என்று சூடான வடையைக் கடித்தான்.

ராஜம்மாளின் கடைக்குட்டி பூவாயி வந்து அவன் மடியில் ஏறி உட்கார்ந்தாள். மூடியிருந்த கையை அவன் உள்ளங்கையில் வைத்துத் திறந்தாள். வெள்ளையாக ஒரு சிப்பி.

“ஒனக்குத்தான் மாமா.”

“ஏதும்மா இது?”

பூவாயி அடுப்பங்கரைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, அவன் காதில் வாயை வைத்தாள்.

“அம்மா சொல்லக் கூடாதுன்னுச்சு மாமா, அன்னிக்கு ஒங்களையெல்லாம் கடலுக்குக் கூட்டிக்கிட்டுப் போவத்தான் அப்பா மல்லாட்ட லாரிய ஒங்க தெருமொனைல நிறுத்தி ஆரன் அடிச்சாரு, வேப்பலைய பாத்துட்டு, மூட்டை மேல ஒங்களுக்குப் போட்டு வெச்சிருந்த பாய சுருட்டிக்கிட்டு நாங்க மட்டும் போயிட்டு வந்தோம்.”