முப்பிடாதியம்மாள் கடைவாய்ப் போர்

வாழ்க சங்கிலிப்பாண்டி! பஞ்சுக்குச்சியே வேலாக, கண்ணாடிக் குழாயே கேடயமாக, எண்பத்தாறாம் ஆண்டுச் சாரலில் மதுரை ஆய்வுக்கூடத்திலிருந்து தென்காசி மீது படையெடுத்து வந்த பற்கிருமிக் காலன், முனைவர் பட்டமென்னும் கோட்டையை நெடுங்காலம் முற்றுகையிட்டும் அதன் வாசற்படியைக்கூட மிதித்தறியாத கொற்றவன், வாழ்க!

அவன் குறிவைத்த பகைப்புலம் யாதெனில், சொந்த அத்தை முப்பிடாதியம்மாளின் வாய். காலமெல்லாம் கருப்பட்டி கடித்தும் சொத்தையே காணாத அந்த முத்துநிரைப் பற்களின் கிருமிகள், பல்லைப் பற்றிக்கொள்ளும் புரதத்தைச் செய்கிற மரபணு கெட்டுப்போனவை என்று ஊகித்தான் வீரன். அக்கிருமி கிட்டினால் பட்டம். கிட்டாவிட்டால் பேராசிரியர் அவனை ஊருக்கே அனுப்பிவிடுவார். ஆனால் பற்றத் தெரியாத கிருமி ஒரு கொப்பளிப்புக்கே ஓடிவிடும். அவள் பல் தேய்க்குமுன் சுரண்டியாக வேண்டும்.

அந்தோ! பல் தேய்க்காமல் பச்சைத் தண்ணீரும் பருகாத அப்பேரரசி, கோழி கூவுமுன் உமிக்கரி ஏந்தி அண்டத்தையே துலக்குபவள் போல் துலக்கிவிட்டு, கூட்டம் சேருமுன் குற்றாலத்து அருவிக்குப் புறப்பட்டுவிடுவாள். வீரன் கண்விழிக்கும்போதெல்லாம் காரியம் கைமீறியிருந்தது. மறுநாள் மாலை அவள் மகளிடம் பம்பாய்க்கு ரயிலேறுகிறாள். திரும்புவது எப்போதென்று அவளுக்கே தெரியாது. ஆகவே மானத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு, அவள் காலடியில் விழுந்து முழங்கினான்:

"அத்தே, நாளைக்கு விடிஞ்சதும் ஒங்க வாயைத் தெறந்து காட்டணும். எம் பொழப்பே அதுலதான் இருக்கு."

"காட்டுதேன். அதுக்கு ஏம்லே கால்ல விழுத?" என்று அபயம் அருளினாள் அத்தை.

விடிந்தது. சாரல் ஓட்டின்மேல் முரசறைய, ஈரக்காற்று சாமரம் வீச, முகமும் கழுவாது பாய்ந்த வீரன், திறந்த வாய்க்குள் குச்சியைச் செலுத்தி, முன்வரிசை தாண்டி, கடைவாயின் இடுக்கெல்லாம் சூறையாடி, சுரண்டியதைக் குழாய்க்குள் சிறைவைத்து, பனிக்கட்டிப் பெட்டியில் பூட்டி, முனைவர் சங்கிலிப்பாண்டி என்று தனக்குத் தானே முடிசூட்டிக்கொண்டான்.

முப்பிடாதியம்மாள் வாயை மூடினாள்.

"நல்லா தெரிஞ்சுதா மருமவனே? நீ பாக்கப்போறன்னு இன்னைக்கு நேரத்தோட எந்திச்சு, உமிக்கரியும் உப்பும் போட்டு ரெண்டு தடவ தேச்சிட்டேன். அடுத்தாளு பாக்க வரும்போது நாத்த வாயோடயா நிக்கது? நீ இன்னும் தேய்க்கல போல. போயித் தேய்ச்சிட்டு வா, காப்பி ஆறுது."

சங்கிலிப்பாண்டி பல் தேய்க்கப் போனான்.