மஞ்சள் சொன்னதே சட்டம்

கண்ணாடிக்கடைக்காரர் அன்று ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தார். இந்த வீட்டில் இனி ஆண் பேச்சுதான் எடுபடும். முடிவை உரக்க அறிவிப்பதற்கு, மனைவி சமையலறைக்குள் போகும்வரை காத்திருந்தார்.

விவகாரம் இதுதான். மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அங்கே அவளைத் தலைமைப் பொறுப்புக்குக் கூப்பிடுகிறார்கள். ஏற்றுக்கொண்டால் விடிவதற்குள் கிளம்ப வேண்டும். அப்புறம் அடுப்பு யார் பக்கம்? மகளுக்குச் சடை பின்னுவது யார்? கண்ணாடிக்கடை பத்து மணிக்குத்தான் திறக்கும் என்பது, துரதிருஷ்டவசமாக, ஊருக்கே தெரியும். வருகிற திங்கட்கிழமையே பொறுப்பேற்க வேண்டும்; அதற்குள் அவள் பதில் சொல்லியாக வேண்டும்.

"முடியாதுன்னு சொல்லிடு."

"ஏன் முடியாது?"

"ஏன்னா... இங்க வா, காட்டுறேன்."

கூடத்து மூலையில் மீன்தொட்டி. அதில் விரல் நீளம்கூட இல்லாத குள்ளச் சிக்லிட் மீன் ஜோடி. வாங்கியபோது இரண்டும் சாம்பல் நிறக் குஞ்சுகள். எது ஆண், எது பெண் என்று வளர்ந்தால்தான் தெரியும் என்றார் வண்ணமீன் கடைக்காரர். இவருக்கு வளர்ந்ததும் தெரிந்துவிட்டது. ஒன்று கொழுகொழுவென்று பெரியது. மற்றது வற்றல். அந்த வற்றல் இந்த வாரம் திடீரென்று எலுமிச்சை மஞ்சளாக மாறி, கன்னத்தில் கறுப்புக் கோடு இழுத்துக்கொண்டு, பெரியதைப் பந்தாட ஆரம்பித்தது. வீட்டிலும் அதே அளவுதான். கனம் மனைவி, வற்றல் இவர். இதற்குமேல் என்ன ஆதாரம் வேண்டும்?

"மஞ்சள்தான் ஆம்பளை. வீரத்தைப் பார்த்தியா? அந்தக் குண்டு வாயைத் திறக்குதா?"

"அந்தக் குண்டு திறந்தா மூடவே மூடாதுன்னு வீட்டுக்கு வீடு சொல்வாங்களே" என்றபடி மனைவி குனிந்தாள். தொட்டியில் கவிழ்த்து வைத்திருந்த உடைந்த சட்டிக்குள் டார்ச் அடித்தாள். மஞ்சள் பாய்ந்து வந்து கண்ணாடியில் முட்டியது. அவள் வெகுநேரம் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாதபோதுதான் உஷாராக வேண்டும் என்பதை இத்தனை வருடத்தில் இவர் கற்றிருக்கலாம். கற்கவில்லை.

"அப்போ, மஞ்சள் சொல்றதுதான் தொட்டியில சட்டம்?"

"ஆமா."

"இந்த வீட்டுலயும்?"

"சந்தேகமென்ன!"

"இதை ரேடியோ அக்கா முன்னாடி சொல்வீங்களா?"

ரேடியோ அக்கா எதிர்வீடு. காதில் விழுந்தது ஆறுவதற்குள் தெருக்கோடிவரை ஒலிபரப்பாகிவிடும். இவர் வாசலுக்கே போய்ச் சொன்னார்.

"அக்கா, எங்க வீட்டுல இனி மஞ்சள் மீன் கட்சிதான். அது தொட்டியில ஜெயிச்சா நான் சொல்றது நடக்கும். தோத்தா இவ சொல்றது."

"அதுல மாத்தம் இல்லையே தம்பி?"

"மஞ்சள் எந்தப் பக்கமோ, வீடு அந்தப் பக்கம். போதுமா?"

"போதும், போதும். நான் பாத்துக்கறேன்" என்று அக்கா செருப்பை மாட்டினாள்.

அதற்கப்புறம் தொட்டியில் போர். பெரியது எங்கே தலை நீட்டினாலும் மஞ்சள் அம்பாகப் பாய்ந்தது. வால் நாராகக் கிழிந்தது. பெரியது தண்ணீர் வடிகட்டிக்குப் பின்னால் ஒடுங்கி, தலைகீழாகத் தொங்கி மூச்சு வாங்கியது. முதலில் கைதட்டிய கண்ணாடிக்கடைக்காரர், பிறகு கைதட்டலைக் குறைத்துக்கொண்டார். யாரோ தன் வேட்டியைப் பிடித்து இழுப்பதுபோலவே இருந்தது. ஏனென்று புரியவில்லை.

"ஏங்க, அது செத்துரும். எடுத்து வாளியில விட்டுடலாம்."

"எடுத்தா ஆட்டம் கலைஞ்சிடும்."

"உயிருங்க!"

"திங்கக்கிழமை வரைக்கும் தாங்கும்" என்றார். குரல் தாங்கவில்லை.

மனைவி வேறு பேசாமல் ஒரு குழாய்த் துண்டைத் தொட்டிக்குள் போட்டாள். அடிபட்டது அதற்குள் புகுந்துகொண்டது. பிறகு போனை எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வண்ணமீன் கடைக்காரர் வந்தார். கூப்பிடாமலே அவரைப் பின்தொடர்ந்து ரேடியோ அக்காவும் வந்தாள். சட்டியின் வாயில் கடுகைத் தூவியதுபோல் என்னவோ துள்ளியது.

"அடடே! குஞ்சு பொரிச்சாச்சு! அதான் அம்மா மஞ்சளாயிட்டாங்க."

"யாரு... அம்மா?" என்றார் இவர்.

"மஞ்சள்தான் சார். முட்டை போட்டா இந்த நிறம் வந்துரும். அப்புறம் புருஷனைக்கூடக் கிட்ட சேக்காது. பாவம், அப்பா அதோ குழாய்க்குள்ள."

குழாய்க்குள்ளிருந்து ஒரு கிழிந்த வால் தெரிந்தது. கண்ணாடிக்கடைக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். வால் அப்போதும் கிழிந்தே இருந்தது.

"யாரு சார் மஞ்சளை ஆம்பளைன்னு சொன்னது?"

"தம்பிதான்! தெரு பூரா சொல்லிட்டேனே!" என்றாள் அக்கா.

இவர் மனைவியிடம் திரும்பினார். "உனக்கு எப்பத் தெரியும்?"

"டார்ச் அடிச்சப்பவே. சட்டிக்குள்ள முட்டை. நாள் பூரா மைக்ராஸ்கோப்ல பாக்குறவளுக்கு அது தெரியாதா?"

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"நீங்க பரிட்சை எழுதிட்டு இருந்தீங்க. நடுவுல எப்படிச் சொல்றது? பரவாயில்ல, மார்க்கும் அதேதான். முட்டை."

அவள் வலையை எடுத்து, அடிபட்டவரைப் பதமாக அள்ளி வாளியில் விட்டாள். "இது கொஞ்ச நாள் சமையலறையில இருக்கட்டும். அங்கதான் பாதுகாப்பு" என்றாள். மீனைச் சொன்னாளா, வேறு யாரையாவது சொன்னாளா, அவர் கேட்கவில்லை.

திங்கட்கிழமை, வெளிச்சம் வருமுன்னே அவள் புதுப் பொறுப்புக்குக் கிளம்பிப் போனாள். இவர் ஒரு கையில் கரண்டியும் மறு கையில் சீப்புமாக அடுப்பெதிரே நின்றார். காலடியில் வாளி.

"அப்பா, சடை!" என்று மகள் கத்தினாள்.

இரண்டு அப்பாக்களும் திரும்பிப் பார்த்தார்கள்.